வேலைக்கு வரும் அக்காவைத் தெருக்காவலில் சேர்ப்பதா, சந்தேகப் பட்டியலில் சேர்ப்பதா?

மதியம் இரண்டு மணிக்கு மேல் ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரைத் தெருக்களில் நடமாட்டம் அடங்கிவிடும். ஆண்களில் பலர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் கடையில். வீட்டுக்குள் வயதான உம்மாவும் மருமகளும் மட்டும். அந்த நேரத்தில் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருப்பவர், ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்து முடித்து அடுத்த வீட்டுக்குத் துணி துவைக்கப் போகும் பெண்தான். எந்த வீடு நான்கு நாளாகப் பூட்டிக் கிடக்கிறது, எந்த வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடக்கிறது, எந்த வீட்டில் பகலிலும் வாசல் லைட் எரிகிறது, நேற்றுச் சுற்றிய பைக் இன்றும் ஏன் வந்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். திருடனுக்கும் இதே விவரங்கள்தான் தேவை.

இவ்வளவு தெரிந்தவரைத் திருட்டைத் தடுக்கும் பேச்சில் எங்கே வைப்பது? பெரியபட்டினம், மண்டபம், தொண்டி என்று கடற்கரை ஓரமாக எங்கே இந்தப் பேச்சு எழுந்தாலும் நான்கைந்து யோசனைகள்தான் சுற்றிச் சுற்றி வரும். அவற்றை எதிரெதிரே வைத்துப் பார்க்க ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம்.

இரண்டு பேர் பைக்கில் வருகிறார்கள். கையில் பொடி டப்பா. "வெள்ளிக் கொலுசு இருந்தா குடுங்கம்மா, சும்மா பாலிஷ் போட்டுக் காட்டுறோம், காசு வேண்டாம்" என்று தொடங்குவார்கள். கொலுசு பளபளத்ததும் பேச்சு வளையலுக்கும் சங்கிலிக்கும் நகரும். நகையை மஞ்சள் தண்ணீரில் போட்டு டப்பாவை மூடி, "அரை மணி நேரம் கழிச்சுத் திறங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். திறந்தால் நகை இருக்காது. இருந்தாலும் எடை குறைந்திருக்கும். பல ஊர்களில் நடந்து அலுத்த மோசடி. இந்த இருவர் நம் தெருவின் மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டும்போது ஒவ்வொரு யோசனையும் என்ன செய்யும்?

ஸ்டேஷனில் விவரம் கொடுப்பது

முதலில் எல்லோரும் சொல்வது இதுதான். வேலைக்கு வருபவரின் ஆதார் நகல், போட்டோ, செல் நம்பர், எல்லாவற்றையும் வாங்கிக் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுவது. செலவில்லை, ஒரு நாளில் முடிந்துவிடும், வீட்டுக்காரருக்கு மன நிம்மதி.

ஆனால் பாலிஷ்காரர்கள் எந்த வீட்டிலும் வேலை பார்ப்பதில்லையே. மூன்றாவது வீட்டுக் கதவுக்கு இந்தக் காகிதத்தால் ஒரு பயனும் இல்லை. ஏஜென்சி மூலம் வந்து வீட்டோடு தங்கும் ஆள், நோயாளியைப் பார்த்துக்கொள்ள வரும் புது ஆள் என்றால் விவரம் வாங்கி வைப்பது நியாயம்தான். பதினைந்து வருஷமாகத் தினமும் பஸ் ஏறி வந்து, வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி வளர்த்தவர் யாரென்று ஊருக்கே தெரியும். அவரிடம் திடீரென்று போட்டோ கேட்டால் அவர் புரிந்துகொள்வது ஒன்றுதான்: நம்மைத் திருடி என்று நினைக்கிறார்கள். அன்றைக்கு வாய் மூடிக்கொள்ளும். அப்புறம் தெருவில் எதைப் பார்த்தாலும் நமக்கென்ன என்று போய்விடுவார்.

சட்டமும் அவர் மீது கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. வேலைக்காரர் முதலாளியின் பொருளைத் திருடினால் 306-ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை. இந்தப் பயம் தலைக்கு மேல் தொங்கும்போது போட்டோவும் ஆதாரும் வேறு போய் ஸ்டேஷனில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

அடையாளம்தான் வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி உண்டு. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-இல் தனி நல வாரியம் அமைந்தது. அதில் பதிவு செய்தால் அடையாள அட்டை வரும். பிள்ளைகளின் படிப்பு உதவி, விபத்து உதவி, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் என்று அவருக்கும் ஏதாவது கிடைக்கும். ஸ்டேஷனுக்குக் கொடுக்கும் அதே ஆதார் நகல்தான். போய்ச் சேரும் இடம் மாறுகிறது, பலன் யாருக்கு என்பதும் மாறுகிறது. கூட இருந்து பதிவு செய்து கொடுத்த வீட்டுக்காரரை அவர் மறக்க மாட்டார்.

கேமராவும் வாட்ஸ்அப்பும்

தெருவில் நாலு பேர் சேர்ந்து பணம் போட்டால் முனைக்கு முனை கேமரா வந்துவிடும். கடலோரத்தில் அதற்கு ஒரு எதிரி இருக்கிறது: உப்புக் காற்று. ஆணி, பிடிமானம், ஒயர் முனை, எல்லாம் துருவேறும். பராமரிக்கப் பொறுப்பான ஆள் இல்லையென்றால், திருட்டு நடந்த அன்றுதான் கேமரா வேலை செய்யவில்லை என்பதே தெரியவரும்.

நன்றாக வேலை செய்யும் கேமரா பைக் நம்பரைக் காட்டும். வழக்குக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவது வீட்டு உம்மாவிடம் "கதவைத் திறக்காதீங்க லாத்தா" என்று அது சொல்லாது.

வாட்ஸ்அப் குழுவின் கதை இன்னும் வேடிக்கை. உறுப்பினர்கள் அத்தனை பேரும் வீட்டு உரிமையாளர்கள், அதில் பாதிப் பேர் வெளிநாட்டில். எச்சரிக்கை துபாய்க்கு உடனே போய்விடும். தெருவில் நடந்துகொண்டிருக்கும் பெண்ணுக்குப் போகாது, அவர் குழுவில் இல்லை. துபாயிலிருந்து மகன் போன் போட்டு உம்மா எடுப்பதற்குள் டப்பா மூடியாகிவிட்டது.

வதந்தி என்ற ஆபத்தும் இருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகிக்கப்பட்டு அடித்தே கொல்லப்பட்டார். அந்தச் சந்தேகத்தைப் பரப்பியது வாட்ஸ்அப். நம் கடற்கரையில் இதை இரட்டிப்பாக யோசிக்க வேண்டும். ராமேஸ்வரத்திலும் தேவிபட்டினத்திலும் தெருவில் நடப்பவர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். ஏர்வாடி தர்காவுக்கு மனநலம் குன்றியவர்களை அழைத்து வருகிறார்கள். அவர்களில் ஒருவர் தெரு மாறி வந்து நிற்கலாம். "புது ஆள் ஒருத்தன் நிக்கிறான்" என்று ஒரு படத்தைப் போட்டுவிட்டால் அடுத்து நடப்பது நம் கையில் இல்லை.

கூர்க்கா வைப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் ராத்திரி வருகிறார், பாலிஷ்காரன் மத்தியானம் வருகிறான்.

காதோடு காதாகத் தகவல் கேட்பது

"சந்தேகமா எதையாவது பார்த்தா என்கிட்ட மட்டும் சொல்லும்மா." தெருப் பெரியவரோ, போலீஸ்காரரோ, வீட்டுக்காரரோ வேலைக்கு வரும் பெண்ணிடம் இப்படிச் சொல்லி வைப்பது பல இடங்களில் ஏற்கெனவே நடப்பதுதான். சில நேரம் பலனும் கிடைக்கும். எனக்கு இதில்தான் பயம் அதிகம்.

காரணம், பாதுகாப்பு முழுக்க ரகசியத்தை நம்பி இருக்கிறது, சின்ன ஊரில் ரகசியம் தங்காது. யார் சொன்னது என்பது அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடையில், ஒரே சாயங்காலத்தில் வெளியே வந்துவிடும். தகவல் கேட்டவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். சொன்னவர் இருட்டும் நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் தனியாக நிற்பார். இன்னொன்று, தெருவைப் பற்றிக் கேட்கத் தொடங்கும் வாய் தெருவோடு நிற்காது. அந்த வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள், அந்த மருமகள் யாரிடம் போனில் பேசுகிறாள் என்று உள்ளே போகும். ஒரு வீட்டு விஷயத்தை வெளியே சொல்பவர் என்று பெயர் வந்தால், அவர் வேலை பார்க்கும் மற்ற வீடுகளும் கதவை மூடிக்கொள்ளும்.

பொதுமக்களைக் காவலில் சேர்ப்பது பற்றி நம் மாவட்டத்துக்கே ஒரு வரலாறு உண்டு. 1993-இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கியதுதான் 'போலீஸ் நண்பர்கள்' அமைப்பு. அடுத்த ஆண்டே தமிழகம் முழுக்கப் பரவியது. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்தபோது இந்த அமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பு அதை மறுத்தது. அந்த ஜூலையிலேயே தமிழக அரசு அமைப்புக்குத் தடை விதித்தது. குற்றச்சாட்டில் எவ்வளவு உண்மை என்பது இருக்கட்டும். தகவல் சொல்வது வேறு, ஸ்டேஷனுக்குள் நின்று அதிகாரத்தில் பங்கு கேட்பது வேறு. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று எழுதி வைக்காவிட்டால் நல்ல எண்ணத்தில் தொடங்கியதும் தடுமாறும்.

பேரோடு, மரியாதையோடு சேர்ப்பது

கடலில் நாம் ஏற்கெனவே இதைச் செய்திருக்கிறோம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, கரையோரப் பாதுகாப்பில் மீனவர்கள்தான் முதல் கண் என்று அரசே சொல்லத் தொடங்கியது. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 என்ற இலவச எண் இருக்கிறது. பாம்பனிலோ மண்டபத்திலோ ஒரு மீனவர் சந்தேகமான படகைப் பார்த்துப் போன் செய்தால் அவருக்கு நல்ல பெயர். அவர் வீட்டுப் பெண், வேலை பார்க்கும் தெருவில் சந்தேகமான பைக்கைப் பார்த்துச் சொன்னால் முதல் கேள்வி, "உனக்கு எப்படித் தெரியும்?" ஒரே குடும்பம், கரையேறியதும் மரியாதை குறைந்துவிடுகிறது.

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் போன்ற நகரங்களில் வீட்டு வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தருகிறார்கள்: கதவில் யார் நின்றால் என்ன கேட்பது, போனில் யார் விசாரித்தால் என்ன சொல்லாமல் இருப்பது என்றெல்லாம். அங்கே உயர்ந்த சுவர், மின்வேலி, துப்பாக்கிக் கொள்ளை. நம் தெருவின் கணக்கே வேறு. ஆனாலும் உள்ளே இருக்கும் பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்ற அடிப்படையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊருக்கு ஏற்ப மாற்றினால் இப்படி வரும். தெருக் கூட்டத்துக்கு வேலை செய்யும் பெண்களையும் கூப்பிடுவது. அந்த அரை நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல் இருப்பது மட்டும் போதாது, கூடுதலாகவே கொடுப்பது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அப்போது சில வீடுகளில் அடுப்பு எரிவதே இந்தச் சம்பளத்தில்தான். சும்மா வந்து உட்காரச் சொல்வது நியாயமில்லை. பாலிஷ், கேஸ் அடுப்புச் சோதனை, "உங்க மகனுக்கு சவூதியில விபத்து" என்று வரும் போன், இவை ஒவ்வொன்றும் எப்படி நடக்கும் என்று நடித்தே காட்டலாம். ஸ்மார்ட்போனும் ஆப்பும் எதிர்பார்க்கக் கூடாது. பலரிடம் பட்டன் போன்தான், ஸ்மார்ட்போன் இருந்தால் அது மகன் கையில் இருக்கும். தெருவில் ஒரு பெண்ணின் எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும். மிஸ்டு கால் வந்தால் அவர் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டு, வேண்டுமானால் 112-க்குச் சொல்வார். போலீஸுக்குப் போகும் பெயர் வீட்டுக்காரருடையது, வேலைக்கு வருபவருடையது அல்ல. சொல்ல வேண்டியது தெருவைப் பற்றி மட்டும். வீட்டுக்குள் நடப்பது எதுவும் இந்தக் கணக்கில் வராது.

தகவலுக்கு இவ்வளவு என்று பரிசுப் பணம் வைக்கச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். காசுக்காகக் காட்டிக்கொடுப்பவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

இப்போது மூன்றாவது வீடு. எதிரே வந்த பெண் பொடி டப்பாவைப் பார்த்ததுமே கதவருகே போய் நின்று, "லாத்தா, உள்ள போங்க, இவங்க பாலிஷ்காரங்க" என்று சத்தமாகச் சொல்கிறார். பைக் கிளம்பிவிடுகிறது. நம்பரைப் பார்த்து வைக்கிறார், மிஸ்டு கால் கொடுக்கிறார். மற்ற யோசனைகள் எல்லாம் சம்பவத்துக்குப் பின்னால் ஓடுகின்றன. இது ஒன்றுதான் கதவு திறக்கும் முன் வந்து நிற்கிறது.

ஆனால் இது அந்தத் தெரு அவரை நம்பும் அளவுக்குத்தான் நடக்கும். அதற்குச் சோதனை பாலிஷ்காரன் வரும் நாளில் இல்லை, ஒரு வீட்டில் மோதிரம் காணாமல் போகும் நாளில். அன்றைக்கு முதல் விரல் அவரை நோக்கி நீண்டால், அதுவரை கூட்டம் போட்டதெல்லாம் வீண். அதனால் கூட்டத்தின் முதல் தாளில் எழுத வேண்டியது இதுதான்: பொருள் காணாமல் போனால் வீட்டார் முதலில் வீடு முழுக்கத் தேட வேண்டும். யாரும் அவர் பையையோ உடம்பையோ சோதிக்கக் கூடாது. போலீஸுக்குப் போவதென்றால் எழுத்தில் புகார். சாட்சியாகப் பெண்ணை விசாரிக்க வேண்டுமென்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவுப்படி அவர் குடியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. பெண்ணைக் கைது செய்ய நேர்ந்தாலும், சூரியன் மறைந்த பிறகு விதிவிலக்கான சூழலில் மட்டுமே, அதுவும் பெண் போலீஸ் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்கிய பிறகே.

இரண்டாவது தாளில் அவர் பக்கத்துப் புகார். சம்பளம் தராமல் இழுத்தடிப்பது, வீட்டு ஆண் கை வைப்பது, இவையும் குற்றம்தானே? 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டு வேலை செய்பவர்களையும் உள்ளடக்கியது. புகார் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும், முகாந்திரம் இருந்தால் அந்தக் குழு ஏழு நாளில் போலீஸுக்கு அனுப்ப வேண்டும். இந்த இரண்டாவது தாளைப் படிக்கும்போது கூட்டத்தில் சில முகங்கள் சுருங்கும்.

எல்லாத் தெருவுக்கும் இது பொருந்தாது. ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வரிசை இருக்கும் பகுதிகளில் ஆள் அடிக்கடி மாறுவதால் அங்கே கேமராதான் முதல் தேர்வு. வீட்டோடு தங்கும் புது ஆளுக்கு விவரம் வாங்கியே ஆக வேண்டும். ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போவதையும் விட வேண்டாம். பழகிய தெரு, பழகிய முகங்கள் என்றால் நான் கடைசி வழியைத்தான் எடுப்பேன், அந்த இரண்டு தாளிலும் வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டால். போட மாட்டோம் என்கிற தெரு கேமராவே வாங்கிக்கொள்ளட்டும். துருப்பிடிக்காத பிடிமானமாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.