புப்ரோபியான் 150: மனதுக்கும் கால்களுக்கும் சேர்த்து ஒரு மதிப்பீடு

மனச்சோர்வு மாத்திரைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் மனசு தெளிந்ததா, எடை கூடியதா, பகலில் தூக்கம் வந்ததா என்று எழுதுவார்கள். ராத்திரி படுத்ததும் கால் என்ன செய்தது என்று எழுதுபவர்கள் குறைவு. ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்ற கால் குடைச்சல் நோய் உள்ள எனக்கு அதுதான் முதல் கேள்வி. புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மாத்திரையைப் பற்றிய இந்த மதிப்பீடு, என்னைப் போல மனச்சோர்வு, கால் குடைச்சல் இரண்டையும் சேர்த்துச் சுமப்பவர்களுக்காக.

அனுபவிக்காதவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வலி என்று சொல்ல முடியாது. கெண்டைக்காலுக்குள்ளே, எலும்பை ஒட்டி ஏதோ குடைகிறது. காலை அசைத்தே ஆக வேண்டும் என்று உடம்பு நச்சரிக்கிறது. எழுந்து நடந்தால் அடங்கும். படுத்தால் மறுபடி ஆரம்பம். மாலையில் தலைகாட்டி, நடுராத்திரிக்குள் தாங்க முடியாத அளவுக்குப் போய்விடும். 1672லேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை எழுதி வைத்திருக்கிறார். ஆனாலும் மனநல மருத்துவரின் அறையில் கால்களைப் பற்றிய கேள்வி எளிதில் வருவதில்லை.

புப்ரோபியானுக்கு முன் எனக்குக் கொடுத்தது மிர்டாசபின். தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று போய் நிற்பவருக்கு அதைக் கொடுப்பதில் தவறே இல்லை. தூக்கம், பசி இரண்டையும் கொண்டுவரும் மருந்து அது. எனக்கும் தூக்கம் வந்தது. கண் சொருகியது, தலை தொங்கியது. ஆனால் கால்கள் மட்டும் விழித்துக்கொண்டன. தூக்கக் கலக்கத்தில் நிற்கவும் முடியாமல், படுக்கவும் முடியாமல் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றபடி கண்ணை மூடியிருக்கிறேன். போகப்போகக் கைகளிலும் அதே குடைச்சல். அந்த மாதிரி ராத்திரிகளுக்கு அப்புறம் வரும் காலையில் மனச்சோர்வு குறைந்திருக்கிறதா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

இது என் ஒருத்தியின் கதை இல்லை. மனச்சோர்வுக்கு மருந்து எடுத்த 271 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2008ல் வெளியானது. மிர்டாசபின் எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்குக் கால் குடைச்சல் புதிதாக வந்தது அல்லது இருந்தது கூடியது. செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம், வென்லஃபாக்சின் போன்ற மற்ற மனச்சோர்வு மருந்துகளில் அது 5 முதல் 10 சதவீதம்தான். மூளையில் செய்தி கடத்தும் ரசாயனங்களில் செரோடோனின் கூடும்போது டோபமைனின் வேலை மந்தப்படுவதே காரணம் என்று கருதுகிறார்கள். மிர்டாசபின் கூடவே ஹிஸ்டமின் என்ற இன்னொரு ரசாயனத்தையும் தடுக்கிறது. இந்தக் கால்களுக்கு அதுவும் ஆகாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செர்ட்ரலினோ வேறு எதுவோ எடுத்து நன்றாக இருக்கிறீர்கள், கால்களும் தொந்தரவு செய்யவில்லை என்றால், இதைப் படித்துவிட்டு மாற்றப் போக வேண்டாம். தொந்தரவு இருந்தாலும் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. என் மிர்டாசபினையும் டாக்டர்தான் படிப்படியாகக் குறைத்தார்.

சரி, புப்ரோபியான். இது செரோடோனின் பக்கம் போவதில்லை. டோபமைனையும் நார்எபிநெஃப்ரின் என்ற மற்றொரு மூளை ரசாயனத்தையும் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்க வைக்கிறது. நான் எடுப்பது மெதுவாகக் கரையும் 150 மில்லிகிராம் மாத்திரை, காலையில் ஒன்று. சாயங்காலம் எடுத்தால் தூக்கம் கெடும். உடைக்கவோ மெல்லவோ கூடாது, முழுசாக விழுங்க வேண்டும். நாள் முழுக்கக் கரையும் வகையில் மருந்து மட்டும் உடம்பில் இறங்கி, மேல் ஓடு அப்படியே மலத்தில் வெளியே வரும். முதல் தடவை பார்த்தபோது மாத்திரை வேலையே செய்யவில்லையோ என்று பதறினேன்; அது வெறும் ஓடுதான் என்றார் டாக்டர்.

ஆரம்பத்தில் வாய் உலர்ந்துகொண்டே இருந்தது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் நகர முடியவில்லை. விடியும் முன்பே விழிப்பு, நெஞ்சில் ஒரு படபடப்பு. சில வாரத்தில் அடங்கியது. மனசு அதற்கும் மெதுவாகத்தான் வந்தது. சந்தோஷம் பொங்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கூப்பிட்டால் போனை எடுக்கத் தோன்றியது, குளிக்கத் தோன்றியது. அது எனக்குப் பெரிய விஷயம்.

கால்கள்? முதலில் நன்றாகவே அமைதியாக இருந்தன. அப்புறம் மிர்டாசபினுக்கு முன்னால் எப்படி இருந்தனவோ அந்த நிலைக்கு வந்து நின்றன. 60 பேரை வைத்து நடந்து 2011ல் வெளியான ஒரு சோதனையும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது: மூன்றாவது வாரத்தில் புப்ரோபியான் எடுத்தவர்களுக்குக் குடைச்சல் குறைந்திருந்தது, ஆறாவது வாரத்தில் ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களோடு பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, இது கால்களுக்கான மருந்து இல்லை. கால்களைச் சீண்டாத மனச்சோர்வு மருந்து. எனக்கு அதுவே போதும்.

எல்லாருக்கும் இது ஆகாது. வலிப்பு வந்தவர்கள், அனோரெக்சியா, புலிமியா போன்ற உணவுக் கோளாறு இருந்தவர்கள், மதுவையோ பென்சோடயசபின் வகைத் தூக்க மாத்திரையையோ திடீரென்று நிறுத்துகிறவர்கள் எடுக்கக் கூடாது. பதற்றமே முக்கியத் தொல்லையாக இருப்பவர்களுக்கு இது பதற்றத்தைக் கூட்டலாம். வேறு மருந்துகளின் அளவையும் உடம்பில் மாற்றும் என்பதால் எடுக்கிற மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். இளவயதினருக்கு எந்த மனச்சோர்வு மருந்து ஆரம்பித்தாலும் முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று வீட்டில் ஒருவர் கவனிக்க வேண்டும். புப்ரோபியான் ஒத்துவராவிட்டால் டிரசோடோன் பற்றிக் கேட்கலாம்; கால்களைக் கெடுப்பதாக அதன் மேல் அதிகம் புகார் இல்லை.

மாத்திரையை மாற்றும் முன் என் டாக்டர் செய்த நல்ல காரியம், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தது. இரும்புச் சத்து மூளைக்குப் போதாமல் போனால் இந்தக் குடைச்சல் கூடும். பரிசோதனைக் காகிதத்தில் ‘நார்மல்’ என்றே போட்டிருந்தது. ஆனால் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் உள்ளவர்களுக்கு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமோ அதற்குக் கீழோ இருந்தாலே இரும்பு கொடுக்கலாம் என்பது வழிகாட்டுதல். எண்ணைப் பாருங்கள், பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். இரும்பு மாத்திரை எடுப்பவர்கள் ஒரு நாள் முன்பே நிறுத்திவிட்டு, காலையில் ரத்தம் கொடுப்பது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. சளிக்கோ தூக்கத்துக்கோ வாங்கும் டைஃபென்ஹைட்ரமின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு இரண்டும் கால்களைக் கிளப்பிவிடும். புப்ரோபியான் மேல் பழி போடும் முன், அந்த வாரம் வேறு என்ன விழுங்கினோம் என்று பாருங்கள்.

என் மதிப்பெண்: மனதுக்கு ஐந்துக்கு நான்கு, கால்களைச் சீண்டாததற்கு ஐந்துக்கு ஐந்து, ஆரம்ப வாரங்களின் படபடப்புக்கு இரண்டுதான். இப்போது காலையில் புப்ரோபியான், இரவில் கால்களுக்காகத் தனியாகப் பிரிகாபலின், கூடவே இரும்பு மாத்திரை. அடுத்த ஃபெரிட்டின் அளவைப் பார்த்துவிட்டு இரும்பைத் தொடர்வதா என்று டாக்டர் சொல்வார்.