இண்டெக்ஸ்: டேபிளோடு சேர்த்தா, டேட்டா ஏறிய பிறகா?

இண்டெக்ஸ் என்பது டேபிளில் வரிகளைச் சீக்கிரம் தேடிக் கண்டுபிடிக்க டேட்டாபேஸ் தனியாக வைத்துக்கொள்ளும் பட்டியல். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில், டேபிளை உருவாக்கும் கிரியேட் டேபிள் கட்டளைக்குள்ளேயே அதை எழுதிவிடலாம். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் சாதாரண இண்டெக்ஸுக்கு அந்த வசதி கிடையாது. பிரைமரி கீ (வரியின் அடையாளம்), யூனிக் (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது) ஆகிய கட்டுப்பாடுகளைப் போட்டால் அவற்றுக்குத் தானாக உருவாகும். மைஎஸ்கியூஎல் வேலையிலும் நான் போஸ்ட்கிரெஸ் முறையையே பிடித்துக்கொண்டேன்: கட்டுப்பாடுகள் டேபிளோடு, தேடலுக்கான இண்டெக்ஸ் பிறகு.

டேபிளோடு எழுதினால் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், மறந்துபோகாது. புது ஆப், டேட்டா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேரும் என்றால் அதுவே போதும்.

பழைய டேட்டாவை மொத்தமாக ஏற்றும்போதுதான் விஷயம் மாறுகிறது. பார்சல் டேபிளில் சிங்கப்பூர் அஞ்சல் குறியீட்டுக்கு இண்டெக்ஸ் இருக்கிறது என்று வையுங்கள். (குறியீட்டை எண்ணாக வைக்காதீர்கள், மரினா பே பக்கத்து 01-இன் முன் பூஜ்யம் போய்விடும்.) 52-இல் தொடங்கும் தெம்பனிஸ் முகவரிக்கு அடுத்து 76, ஈசூன், அதற்கடுத்து 64, ஜூரோங் வெஸ்ட். இண்டெக்ஸ் உள்ளே பி-ட்ரீ என்ற மர அமைப்பில், வரிசைப்படி பக்கம் பக்கமாக இருப்பதால் ஒவ்வொரு வரியும் அதன் வேறொரு பக்கத்தில் போய் விழும். பக்கம் நிரம்பினால் இரண்டாகப் பிளந்து, பாதி காலியாக நிற்கும். இண்டெக்ஸ் மெமரியில் அடங்காவிட்டால் டிஸ்க் திணறும். ஏற்றி முடித்துவிட்டுக் கட்டினால் டேட்டாபேஸ் முதலில் வரிசைப்படுத்திக்கொண்டு பக்கங்களை ஒரே போக்கில் நிரப்பும். போஸ்ட்கிரெஸில் இலைப்பக்கம் (மரத்தின் கடைசி அடுக்கு) இயல்பாக 90 சதவீதம் வரை நிரம்பும். அந்த நேரத்துக்கு மட்டும் மெயின்டனன்ஸ் ஒர்க் மெம்மை (இண்டெக்ஸ் கட்டப் பயன்படும் மெமரி அளவு), இயல்பான 64 எம்பியிலிருந்து உயர்த்திக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்பது டேட்டாவையும் மெஷினையும் பொறுத்தது. சில ஆயிரம் வரிகளுக்கு ஒன்றும் தெரியாது.

இந்த வழியிலும் ஒரு கண்ணி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் சாதாரண கிரியேட் இண்டெக்ஸ் கொடுத்தால், போஸ்ட்கிரெஸ் அது முடியும்வரை எழுத விடாது, படிக்க மட்டும் விடும். கட்டளையில் கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்த்தால் அந்த நேரத்திலும் எழுதலாம். ஆனால் டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடாது, நேரமும் கூடும். பாதியில் அறுந்தால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று தங்கிவிடும்: தேடலுக்கு உதவாது, எழுதும்போதெல்லாம் சுமை மட்டும். இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ் (ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும்) போட்டு மறுபடி ஓட்டினால், அதே பெயர் இருக்கிறதே என்று பிழை காட்டாமல் தாண்டிப் போய்விடும். அதை டிராப் செய்துவிட்டு மறுபடி கட்டுங்கள்.

ஃபாரின் கீ நெடுவரிசைக்கு (பிள்ளை டேபிளிலிருந்து தாய் டேபிளின் வரியைச் சுட்டுவது) இண்டெக்ஸ் போட மட்டும், தேவை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி என்ற சேமிப்பு எஞ்சின் தானே இண்டெக்ஸ் போட்டுக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் போடாது. இண்டெக்ஸ் இல்லாவிட்டால், தாய் டேபிளில் ஒரு வரியை அழிக்கும்போது பிள்ளை டேபிள் முழுவதையும் துழாவும்.

தேடலுக்கான மற்ற இண்டெக்ஸ்களில், ஐடிஎக்ஸ் ஸ்கேன் (அந்த இண்டெக்ஸ் எத்தனை முறை பயன்பட்டது என்று போஸ்ட்கிரெஸ் வைக்கும் கணக்கு) பூஜ்யமாகவே இருப்பதை எடுத்துவிடலாம். காலாண்டுக்கு ஒருமுறை ஜிஎஸ்டி கணக்குக்கு ஓடும் ரிப்போர்ட்டுக்கு அது தேவையா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.