வங்கி பிடித்த பணம்: கிளையா, ஓம்புட்ஸ்மேனா, நுகர்வோர் ஆணையமா?

பாஸ்புக் பதிந்து பார்த்தால் 354 ரூபாய் போயிருக்கும். குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கு 300, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 54. கிளையில் கேட்டால் "சிஸ்டம் தானா பிடிச்சிடுச்சு சார், எங்க கையில ஒண்ணும் இல்ல" என்பார்கள். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். விடாதவர்களோ கிளை, தலைமையகம், ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேன் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி), நுகர்வோர் ஆணையம் என்று எல்லாக் கதவையும் ஒரே வாரத்தில் தட்டுகிறார்கள். அதில்தான் சிக்கல். இந்தக் கதவுகளுக்கு ஒரு வரிசை உண்டு. மாற்றித் தட்டினால் சில கதவுகள் பூட்டிக்கொள்ளும்.

எதைத் தட்டுவது என்பதற்கு முன்னால், என்ன சொல்லித் தட்டுவது என்று பார்த்துவிடலாம். "கட்டணம் ரொம்ப அதிகம்" என்ற வாதம் எங்குமே எளிதில் நிற்காது. கட்டணம் எவ்வளவு என்பதை வங்கியின் வணிக முடிவு என்று ஒதுக்கிவிடுவார்கள். "இந்த விதிப்படி செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் பிடித்தீர்கள்" என்ற வாதம் நிற்கும்.

குறைந்தபட்ச இருப்பையே எடுத்துக்கொள்வோம். 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, இருப்பு குறைந்ததும் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் வங்கி தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதம் தர வேண்டும். அதன் பிறகும் குறைவாக இருந்தால்தான் அபராதம். அந்த அபராதமும் எவ்வளவு குறைகிறதோ அந்தத் தொகையின் சதவீதமாக இருக்க வேண்டும். 5,000 வைக்க வேண்டிய கணக்கில் 4,600 இருந்தால் பற்றாக்குறை 400தான். உதாரணத்துக்கு 6 சதவீதம் என்றால் 24 ரூபாய், ஜிஎஸ்டியோடு 28 ரூபாய் 32 காசு. 400 ரூபாய் குறைந்ததற்கு 354 பிடித்திருந்தால் எந்தக் கணக்கில் என்று வங்கிதான் சொல்ல வேண்டும். இந்த அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போகவும் கூடாது. சம்பளம் விழுந்த அன்று பழைய அபராதங்கள் மொத்தமாகக் கழிந்திருந்தால், ஸ்டேட்மென்ட்டில் அதற்கு முந்தைய மாதங்களையும் பாருங்கள்.

இதேபோல் விதியைக் காட்டிக் கேட்கக்கூடியவை இன்னும் சில. இரண்டு வருடத்துக்கு மேல் நீங்கள் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாமல் செயலற்றதாகிவிட்ட கணக்கில் குறைந்தபட்ச இருப்பு அபராதம் பிடிக்கக் கூடாது. அதை மறுபடி உயிர்ப்பிக்கவும் கட்டணம் கிடையாது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் ஐந்து நாளுக்குள் திரும்ப வர வேண்டும். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நீங்கள் கேட்காமலே. இயந்திரக் கோளாறாலோ, இயந்திரத்தில் பணம் இல்லாததாலோ தோற்ற முயற்சியை உங்கள் இலவச எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. கடனை முழுதும் அடைத்து 30 நாளாகியும் பத்திரத்தைத் திருப்பித் தராவிட்டால், தாமதம் வங்கியுடையது என்றால், நாளுக்கு 5,000 ரூபாய்.

இன்னொன்று, ஸ்டேட்மென்ட்டில் 436 அல்லது 20 என்ற எண்ணைத் தேடுங்கள். பிரதமர் ஜீவன் ஜோதி, சுரக்‌ஷா காப்பீடுகளின் ஆண்டுப் பிரீமியம் அது. நீங்கள் ஒப்புதல் தராமல் பிடித்திருந்தால், உங்கள் கையெழுத்திட்ட படிவத்தையோ மின்னணு ஒப்புதல் பதிவையோ கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் பணம் திரும்பி வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

கிளையும் தலைமையகமும்

கிளை வேகமானது, மேலாளருக்கு மனமிருந்தால் அன்றே திருப்பிப் போட முடியும். ஆனால் வாய்ப்பேச்சுக்கு அங்கே சாட்சி இல்லை. மூன்று முறை நேரில் போனதாகப் பின்னால் எங்கே எழுதினாலும் அதற்கு மதிப்பு பூஜ்யம். கடிதம் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்க வேண்டும். சீல் போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அதே கடிதத்தை, சேர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடலாம்.

எங்கள் பரிந்துரை, கிளையில் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, அன்றைக்கே வங்கியின் இணையதளம் அல்லது செயலியில் புகார் பதிவது. அங்கே புகார் எண் கிடைக்கும். வங்கி பதில் தர வேண்டிய 30 நாள் கெடு அந்தப் பதிவிலிருந்து ஓடத் தொடங்கும். கடிதம் நீளமாக இருக்க வேண்டாம்:

"என் சேமிப்புக் கணக்கில் இந்தத் தேதியில் ரூ.354 குறைந்தபட்ச இருப்புக் கட்டணமாகப் பிடிக்கப்பட்டுள்ளது. (1) பிடிப்பதற்கு ஒரு மாதம் முன்பு எந்தத் தேதியில், எந்த வழியில் எனக்கு அறிவிப்பு அனுப்பினீர்கள்? (2) பற்றாக்குறை எவ்வளவு, எத்தனை சதவீதம் விதிக்கப்பட்டது? (3) ஆதாரம் இல்லையெனில் ஜிஎஸ்டி உட்பட ரூ.354ஐத் திரும்ப வரவு வைக்கவும்."

மூன்றாவது வரியில் ஜிஎஸ்டி என்று எழுதுவதை மறக்க வேண்டாம். 300 மட்டும் திரும்பி வந்து புகார் ‘தீர்க்கப்பட்டது’ என மூடப்படும், 54 அங்கேயே நிற்கும். பாதித் தொகையை ‘நல்லெண்ண அடிப்படையில்’ தருவதாகச் சொன்னால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்ற வாசகத்துக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். ‘பகுதித் தொகையாகப் பெற்றேன்’ என்று எழுதிக் கொடுங்கள்.

பெரிய வங்கிகளில் உள் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருப்பார். நீங்கள் அவரிடம் நேரே போக முடியாது. உங்கள் புகாரை முழுதாகவோ பகுதியாகவோ நிராகரிக்கும் முன் வங்கியே அவரிடம் அனுப்ப வேண்டும். நிராகரிப்புக் கடிதம் வந்தால் அவர் பார்த்தாரா என்று அதிலேயே தேடிப் பாருங்கள். குறிப்பே இல்லையென்றால் அடுத்த கட்டத்தில் அதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

ஓம்புட்ஸ்மேனும் நுகர்வோர் ஆணையமும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஓம்புட்ஸ்மேன் திட்டம் 2021 நவம்பர் 12 அன்று தொடங்கியது. கட்டணம் இல்லை, நேரில் போக வேண்டியதில்லை. எந்த ஊர் ஓம்புட்ஸ்மேன் என்று தேட வேண்டியதும் இல்லை. ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் பதிந்தால் போதும். இணையம் ஒத்துவராதவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கி மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். சந்தேகம் கேட்க 14448. வழக்கறிஞர் மூலம் போட முடியாது, நீங்களோ வழக்கறிஞர் அல்லாத உங்கள் பிரதிநிதியோதான் போட வேண்டும். 354 ரூபாய்க்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இங்கே புகார்கள் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் தகுதியின்மைதான். வங்கியிடம் எழுத்தில் புகார் தராமல் நேரே வருவது, தந்து 30 நாள் முடியும் முன்பே வருவது, ஒரே புகாரை நீதிமன்றத்திலும் வைத்திருப்பது, பணத்தைப் பற்றிப் பேசாமல் மேலாளரின் நடத்தையைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதுவது. படிவத்தில் வங்கியிடம் புகார் தந்த தேதி கேட்கும் இடத்தில் நேரில் போன தேதியைப் போடாதீர்கள். புகார் எண் கிடைத்த தேதியைப் போட்டு அதன் ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்கள். 2021 திட்டம் வங்கியின் பதிலுக்குப் பிறகு ஒரு வருட அவகாசம் தந்தது. கெடு எவ்வளவு இருந்தாலும் 31ஆம் நாளே போட்டுவிடுவது நல்லது. ஆறிப்போன புகாருக்கு ஆதாரம் தேடுவது கஷ்டம்.

நடைமுறையில் பல சின்னப் புகார்கள் தீர்ப்பு வரை போவதே இல்லை. ஓம்புட்ஸ்மேன் அலுவலகத்திலிருந்து கேள்வி போனதுமே வங்கி பணத்தைப் போட்டுவிடும். ‘சிஸ்டம்’ அன்றைக்கு மட்டும் எப்படியோ சொன்னபடி கேட்கும். தீர்ப்பாணை உங்களுக்குச் சாதகமாக வந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். ஏற்றுக்கொள்கிறேன் என்ற கடிதத்தை 30 நாளுக்குள் வங்கிக்குத் தராவிட்டால் அந்த ஆணை காலாவதியாகிவிடும். வென்று தோற்பது இப்படித்தான்.

மாவட்ட நுகர்வோர் ஆணையம் வேறு மாதிரி. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வங்கி எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. ஆனால் வங்கி தரப்பில் ஒருவர் கட்டாயம் வருவார். மனு, உறுதிமொழிப் பத்திரம், ஆவணப் பட்டியல் என்று எல்லாவற்றையும் முறையாகத் தயாரிக்க வேண்டும். சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கை நம்பித் திட்டமிடாதீர்கள், வாய்தாக்கள் இழுக்கும்.

பிறகு ஏன் அங்கே போக வேண்டும்? கட்டணம் சிறியது, அதன் விளைவு பெரியது என்ற நிலைமைக்காக. தவறாகப் பிடித்ததால் கணக்கில் பணம் பத்தாமல் கடன் தவணை திரும்பிப்போய், அதற்கு இரண்டு பக்கமும் பவுன்ஸ் கட்டணம் விழுந்து, சிபில் மதிப்பெண்ணும் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2021 திட்டத்தில் ஓம்புட்ஸ்மேனும் இழப்பீடு தரலாம். ஆனால் சாட்சியத்தை விரிவாக அலசி, மன உளைச்சல், வழக்குச் செலவு, வட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்க ஆணையம்தான் தோதான இடம். ஆணையத்தில் தோற்ற வங்கி மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போக வேண்டுமென்றால், கொடுக்கச் சொன்ன தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இது நுகர்வோருக்குப் பெரிய பிடி. வியாபார நடப்புக் கணக்கு என்றால் மட்டும், வணிக நோக்கம் என்று சொல்லி மனுவையே தள்ளிவிட வாய்ப்பிருக்கிறது.

வரிசை விஷயம் இதுதான்: ஓம்புட்ஸ்மேனிடம் திருப்தி இல்லையென்றால் பிறகு ஆணையத்துக்குப் போகலாம். ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தாலோ முடிந்திருந்தாலோ அதே விஷயத்துக்கு ஓம்புட்ஸ்மேன் கதவு திறக்காது. ஆனால் ஓம்புட்ஸ்மேனுக்காகக் காத்திருக்கும்போதும் ஆணையத்தின் இரண்டு வருடக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மற்றவை

பொதுத்துறை வங்கி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நல்ல கருவி. 10 ரூபாயில், உங்கள் கணக்குக்கு அறிவிப்பு அனுப்பிய பதிவின் நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். இது பணத்தை வாங்கித் தராது, ஆதாரத்தை வாங்கித் தரும். தனியார் வங்கிக்குச் செல்லாது. மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் போடும் புகார் சுற்றி வந்து அதே வங்கியின் மேசையில்தான் விழும். 1915 நுகர்வோர் உதவி எண் சமரசத்துக்கு உதவும், உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இல்லை. சமூக ஊடகத்தில் வங்கியை டேக் செய்தால் சில சமயம் வேகமாகப் பதில் வரும். அதைவிட வேகமாகப் போலி ‘கஸ்டமர் கேர்’ கணக்குகள் உள்பெட்டிக்கு வந்து கைபேசி எண்ணும் ஓடிபியும் கேட்கும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் போன்றவை ஓம்புட்ஸ்மேன் வரம்பில் இல்லை. அங்கே கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் அலுவலகம்தான்.

பணம் வந்த பிறகும் அதே அபராதம் அடுத்த காலாண்டில் வரும். குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லலாம். அப்போது அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்க முடியாது. இல்லையென்றால் குறைந்தபட்ச இருப்பு அபராதத்தையே நீக்கிய வங்கிக்கு மாறலாம். ஸ்டேட் வங்கி 2020இல் நீக்கியது, கனரா, இந்தியன் வங்கிகள் 2025இல். கோபத்தில் பழைய கணக்கை உடனே மூடிவிட வேண்டாம். மூடினால் இணைய வங்கி நுழைவும் போய்விடும். பிரச்சினை நடந்த மாதங்களின் ஸ்டேட்மென்ட்டையும் வங்கி அனுப்பிய எஸ்எம்எஸ்களின் ஸ்கிரீன்ஷாட்டையும் முதலில் இறக்கி வைத்துக்கொண்டு, புகார் முடிந்த பிறகு மூடுங்கள்.