பலபுஷ்கா என்று விற்கப்பட்ட க்யூ: பெயரைக் கடைசியில் படியுங்கள்

"1960களின் ஜார்ஜ் பலபுஷ்கா, தந்த ஜாயின்ட், எபனி பாயின்ட், ஒரிஜினல் ஷாஃப்ட் இரண்டு." விளம்பரத்தின் தலைப்பு இவ்வளவுதான். க்யூ என்பது பூல், பில்லியர்ட்ஸ் ஆடும் கோல்; பலபுஷ்கா அதைக் கையால் செய்த பெயர்பெற்ற அமெரிக்கர். கோலின் முன்பாதி ஷாஃப்ட், பிடிக்கும் பின்பாதி பட், இரண்டும் சேரும் இடம் ஜாயின்ட். எபனி என்பது கருங்காலி, பாயின்ட் என்பது பட்டில் பதித்த கூரான மர வேலைப்பாடு. வாங்கியவர் பிரித்துப் பார்க்கக் கொடுத்தபோது, அந்த வரியில் எபனி என்ற ஒரு சொல் மட்டும்தான் உண்மை என்று தெரிந்தது. விற்றவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. இதே விளம்பரம் நாளைக்கு வேறொரு பெயரில் வரும், அதனால் பார்க்க வேண்டியது க்யூவை.

முதலில் கையெழுத்து. பலபுஷ்கா க்யூ செய்தது 1959 முதல் 1975இல் இறக்கும் வரை. பழைய க்யூவில் போலியாகச் சேர்க்க மிகச் சுலபமானது பெயர்தான். ஒரு பேனா, மேலே ஒரு பூச்சு, அரைமணி நேரம் போதும். இந்த க்யூவில் பெயரின் நடு எழுத்து ஒரு பழைய பள்ளத்தின் மேல் போகிறது. 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் மை அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி மறுபக்கம் ஏறுகிறது. அடிபட்டது முதலில், கையெழுத்து விழுந்தது பிறகு. இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: ஜப்பானின் ஆடம் நிறுவனம் உரிமம் பெற்று, அவர் மறைவுக்குப் பின் அவர் பெயரிலேயே க்யூக்கள் செய்தது. அவை போலி அல்ல, நல்ல க்யூக்கள்தான். ஆனால் அவர் கைபட்டவை அல்ல. 1986இல் வந்த ஹாலிவுட் படத்தில் பலபுஷ்கா என்று காட்டப்பட்டதே ஜாஸ் என்ற வேறு நிறுவனத்தின் க்யூதான் என்பது க்யூ சேகரிப்பவர்கள் நடுவே பழைய நகைச்சுவை.

அடுத்தது பின், அதாவது ஷாஃப்ட்டையும் பட்டையும் திருகி இணைக்கும் ஆணி. விளம்பரத்தில் "5/16 பின்" என்று எழுதியிருந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் 5/16 என்பது பருமன் மட்டுமே. பலபுஷ்கா பெரும்பாலும் பயன்படுத்தியது 5/16-14, அதாவது அங்குலத்துக்கு 14 மரை. இதில் இருந்தது 5/16-18. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பின் மீது ஸ்கேலை வைத்து அரை அங்குலத்துக்குள், அதாவது 12.7 மி.மீ.க்குள், எத்தனை மரை வருகிறது என்று எண்ணுங்கள். ஏழு என்றால் 14, ஒன்பது என்றால் 18. மெக்டெர்மட் க்யூக்களில் வரும் 3/8-10 பின் இன்னும் தடிமன், அரை அங்குலத்தில் ஐந்தே மரை. அது எட்ட நின்று பார்த்தாலே தெரியும். 1960கள் என்று சொல்லப்படும் க்யூவில் ரேடியல் பின்னோ யூனிலாக்கோ இருந்தால் உஷாராகுங்கள், அவை பல ஆண்டுகள் கழித்து வந்த பின் வகைகள்.

பின் மாற்றப்பட்டிருக்கலாமே என்று விற்பவர் சொல்வார். நியாயமான வாதம்தான், பழைய க்யூக்களில் அது நடப்பதுண்டு. அப்படி மாற்றினால் பின்னின் அடியில் எபாக்ஸி வளையமோ, ஜாயின்ட் முகப்பில் மறுபடி கடைந்த வட்டக் கோடுகளோ தெரியும். இதில் இரண்டும் இல்லை. மரையில் ஒட்டியிருந்தது பித்தளைத் துகள். ஒரு ஷாஃப்ட்டின் உள்ளே இருக்கும் பித்தளை இன்சர்ட் (பின் திருகி ஏறும் உறை) 14 மரை. யாரோ அதை 18 மரை பின்னில் பலவந்தமாக ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு சுற்றிலேயே இறுகியதை "புதுசு போல டைட்டாக இருக்கிறது" என்று விளம்பரத்தில் பெருமையாக எழுதியிருந்தார்கள்!

இனி ஸ்ப்லைஸ், அதாவது மரத்தோடு மரத்தைப் பொருத்திய விதம். செய்தவரை அடையாளம் காண்பதில் நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். முன்கையில், அதாவது பட்டின் முன்பகுதியில், ஏறும் பாயின்ட்கள் அந்தக் காலத்தில் வி வடிவில் பள்ளம் வெட்டி, மரத்தையும் வண்ண வெனீர்களையும் (மெல்லிய மரத் தகடுகள்) ஒட்டிச் செய்தவை. அதனால் நுனி ஊசிபோல் முடியும், வெனீர்கள் அங்கே சாய்வாக வெட்டுப்பட்டு ஒன்றோடொன்று சந்திக்கும். நான்கு பாயின்ட்களின் உயரத்தில் சிறிய வித்தியாசம் இருப்பது சகஜம். ரூட்டர் அல்லது சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) பிட் சுழன்று வெட்டிய குழியில் நுனி உருண்டையாக இருக்கும், பிட்டின் ஆரத்துக்குக் கீழே அது கூர்மையாக முடியாது. இந்த க்யூவின் எபனி உண்மையான எபனி, ஆனால் நான்கு நுனியும் உருண்டை, உயரம் நான்கும் அச்சு அசல் ஒன்று. மலிவான க்யூக்களில் இதைவிடக் கீழே போய் ஸ்டிக்கரே ஒட்டியிருப்பார்கள். லென்ஸில் பார்த்தால் அச்சுப் புள்ளிகள் தெரியும்.

நுனி கூர்மையாக இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். பிளாங்க், அதாவது பாயின்ட் வைத்த முடிக்காத கோல், செய்தவர் ஒருவர், க்யூ செய்தவர் இன்னொருவர் என்பது அந்தக் காலத்து வழக்கம். பலபுஷ்கா பிரன்ஸ்விக் நிறுவனத்தின் ஒற்றைத் துண்டு டைட்லிஸ்ட் க்யூக்களை வெட்டி மாற்றினார். பர்ட்டன் ஸ்பெயினின் பிளாங்க், கஸ் சாம்போட்டியின் பிளாங்க் என்றும் வாங்கினார். டைட்லிஸ்ட்டை வெட்டி மாற்றும் வேலையை இன்றும் நிறையப் பேர் செய்கிறார்கள். ஆகவே "டைட்லிஸ்ட் பிளாங்க், எனவே பலபுஷ்கா" என்று யாராவது சொன்னால், அந்த "எனவே"க்குக் காசு கொடுக்காதீர்கள். தீர்மானிப்பது ஸ்ப்லைஸ், பின், காலர் (ஜாயின்ட்டைச் சுற்றிய வளையம்), வளைய வேலை, பட்டின் உள்ளே இருக்கும் போல்ட் எல்லாம் சேர்ந்துதான். விலை பெரிது என்றால் எக்ஸ்ரே எடுத்து ஏ-ஜாயின்ட் (முன்கையும் கைப்பிடியும் சேரும் இடம்) போல்ட்டைப் பார்ப்பது வீண் செலவல்ல.

தந்தம் என்றது செல்லுலாய்ட், அதாவது பழைய கால பிளாஸ்டிக். ஜாயின்ட் காலரைத் தந்தத்தின் நீளவாக்கில் கடைவதால், ஜாயின்ட் முகப்பு குறுக்குவெட்டாக அமையும். யானைத் தந்தம் என்றால் அங்கே வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், இவற்றை ஷ்ரேகர் கோடுகள் என்பார்கள். தந்தத்தின் வெளி ஓரத்தில் அந்தக் கோணம் 115 டிகிரிக்கு மேல் இருந்தால் யானை, 90க்குக் கீழ் என்றால் மாமூத் என்ற அழிந்துபோன யானையினம். உள்பகுதியில் கோணம் குழம்பும், சிறிய வளையத்தில் கோடே தெரியாமலும் போகலாம். எலும்பில் கோடு இருக்காது, கருமையான நுண்துளைகள் இருக்கும். இந்த க்யூவில் பக்கவாட்டில் சீப்பால் வாரியது போல ஒரே இடைவெளியில் வரிகள், முகப்பிலோ ஒன்றுமில்லை. கட்டைவிரலால் சூடேறத் தேய்த்தபோது கற்பூர வாசனை வந்தது. புறஊதா டார்ச்சில் தந்தமும் எலும்பும் நீலவெள்ளையாக ஒளிரும், ஆனால் கேசின் பிளாஸ்டிக்கும் அப்படி ஒளிரலாம் என்பதால் டார்ச்சை மட்டும் நம்ப முடியாது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் யோசனையை அடியோடு விடுங்கள். செல்லுலாய்ட் சட்டென்று தீப்பிடிக்கும்.

ஷாஃப்ட் இரண்டும் "ஒரிஜினல்" அல்ல என்று சொல்ல வெர்னியர் அளவுகோல் போதும். பட்டின் ஜாயின்ட் 21.5 மி.மீ., ஒரு ஷாஃப்ட்டின் காலர் 21.1, நகத்தை ஓட்டினால் படி தட்டுகிறது. வளைய வடிவமும் பட்டோடு பொருந்தவில்லை. ராப், அதாவது கைப்பிடியில் சுற்றிய நூல், புது லினன். பட்டைத் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டியதும் ரீங்காரம் கேட்டது. அடியில் உள்ள ரப்பர் பம்பரைக் கழற்றி எடைப் போல்ட்டை இறுக்கிய பிறகும் அது நிற்கவில்லை. ராப்பை அவிழ்த்தபோது ஏ-ஜாயின்ட்டில் மயிரிழை விரிசல். புது ராப் எதற்கு என்று அப்போது புரிந்தது.

பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டிய படங்கள்: ஸ்கேலுடன் பின், இரண்டு ஜாயின்ட் முகப்பு, நான்கு பாயின்ட் நுனியும் தனித்தனியாக, பம்பர் கழற்றிய அடிப்பகுதி. ஷாஃப்ட்டைத் தனியாகக் கண்ணாடி மேல் உருட்டும் வீடியோவும் வேண்டும். "பாணியில்", "இருக்கலாம்", "உள்ளபடியே" போன்ற சொற்கள் கீழே சின்ன எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த விளம்பரத்தில் மூன்றும் இருந்தன.

தந்தம் உண்மையாக இருந்தால் சிக்கல் வேறு மாதிரி. அமெரிக்காவில் ஆப்பிரிக்க யானைத் தந்த வியாபாரத்துக்கு 2016 ஜூலை 6 முதல் கிட்டத்தட்ட முழுத் தடை. 200 கிராமுக்குக் குறைவான பாகங்கள் உள்ள பழைய பொருள்களுக்கு உள்நாட்டு விற்பனையில் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு, ஆனால் நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களின் சட்டம் இன்னும் கடுமை. எல்லை தாண்டினால் சைட்டீஸ் (அரிய உயிரின வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) அனுமதி இல்லாமல் பறிமுதல்தான். 1992 முதல் பிரேசிலியன் ரோஸ்வுட் மரத்துக்கும் இதே தலைவலி. விற்றவருக்கு இதெல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. தலைப்பில் தந்தம் என்று எழுதியவர், சுங்கப் படிவத்தில் "மரம், பிளாஸ்டிக்" என்று சரியாகவே நிரப்பியிருந்தார். அந்தப் படிவத்தின் நகலைப் புகாரோடு இணைத்த பிறகுதான் பணம் திரும்ப வந்தது, அதுவும் பாதி.