நகரி தறிக் கடனுக்கு எவ்வளவு ஒதுக்குவது: பழைய விதியா, ஈ.சி.எல். முறையா?

ஆந்திராவின் நகரியில் ஒரு விசைத்தறிக்காரருக்கு வங்கி 10 லட்சம் ரூபாய் கடன் கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். அது திரும்பாமல் போனால் வரும் இழப்புக்காக வங்கி ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் பழைய விதிப்படி, தவணை ஒழுங்காக வரும்வரை குறுந்தொழில் கடனுக்கு 0.25 சதவீதம், அதாவது 2,500 ரூபாய் ஒதுக்கினால் போதும். பாக்கி 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். ஈடு இருந்தாலும் 15 சதவீதம், ஒரேயடியாக 1.5 லட்சம். கணக்கு எளிது. ஆனால் 60ஆம் நாளே தறி நின்றது தெரிந்தாலும் ஒதுக்கீடு அசையாது.

ஈ.சி.எல். (எதிர்பார்க்கப்படும் கடன் இழப்பு) முறை இழப்பை முன்கூட்டியே கணிக்கிறது. 12 மாதத்தில் தவறும் வாய்ப்பு 4%, தவறினால் இழப்பு 50% என்றால் முதல் நாளே 20,000. பாக்கி 30 நாளைத் தாண்டினால், பொதுவாகக் கடனின் முழு ஆயுளுக்கும் கணக்குப் போட வேண்டும். இதுவே நேர்மையான வழி. கோளாறு அந்த 50 சதவீதத்தில்தான்: நூல் விலை ஏறி ஊரே தறியை விற்க வந்தால், ஈடாக எழுதிய தறி பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்.