செய்து வாங்கும் பவர் ஸ்டீயரிங் ஹோஸ்: எங்கெல்லாம் ஏமாற்றுகிறார்கள்

புதிதாகச் செய்து மாட்டிய ஹோஸ் ஒரே மாதத்தில் கிரிம்ப் (முனையை அழுத்திப் பிடித்த இடம்) ஓரமாகக் கசிந்தால், "உங்க பம்ப்ல பிரஷர் ஜாஸ்தி" என்பார்கள். நம்பாதீர்கள். அழுத்தம் மிகாமல் காக்கும் கார் பம்பின் ரிலீஃப் வால்வு பெரும்பாலும் 70 முதல் 120 பாருக்குள் (பார் என்பது அழுத்த அலகு) திறந்துவிடும். ஒற்றைக் கம்பிப் பின்னல் கொண்ட 3/8 அங்குல 100ஆர்1 என்ற தரத்து ஹைட்ராலிக் ஹோஸே 180 பார் வேலை அழுத்தத்துக்கு உரியது. கோளாறு முனையில் செய்த வேலையில்தான்.

ஹோஸ், நிப்பிள் (உள்ளே செருகும் முனைக் குழாய்), ஃபெரூல் (மேலே போட்டு அழுத்தும் வளையம்) மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும் வகையாக இருக்க வேண்டும். பல கடைகளில் டப்பாவில் கிடப்பதை எடுத்துக் கண்ணளவில் அழுத்துகிறார்கள். எந்தச் சேர்க்கைக்கு எத்தனை மில்லிமீட்டர் கிரிம்ப் என்று தயாரிப்பாளரின் அட்டவணை உண்டு; அழுத்தியபின் காலிப்பரால் அளந்து காட்டச் சொல்லுங்கள். குறைவாக அழுத்தினால் நிப்பிள் நழுவும், அதிகமானால் உள் ரப்பர் வெட்டுப்படும். வெளி ரப்பரைச் சீவிப் போட வேண்டிய ஃபெரூலைச் சீவாமல் போடுவதும் நடக்கிறது. அப்போது ஃபெரூலின் பல் கம்பிப் பின்னலைப் பிடிக்காமல் ரப்பரை மட்டும் கடிக்கும். சூட்டில் அது தளர்ந்ததும் பிடி விடும்.

அடுத்தது மரை. எம்16 x 1.5 (16 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி) துளையில் 5/8 யு.என்.எஃப். 18 (5/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 18 சுற்று) மரை சில சுற்று ஏறிவிடும், ஏனென்றால் விட்ட வித்தியாசம் 0.125 மி.மீ.தான். "டைட்டா உட்காருது சார்" என்று ஸ்பேனரால் திருகி முடித்தால் பாழாவது சக்கரத்தைத் திருப்பும் ரேக்கின் ஹவுசிங்கில் உள்ள மரை. அந்தச் செலவுக்கு முன் ஹோஸ் காசு ஒன்றுமே இல்லை. மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் இல்லாத கடையில் வேலை கொடுக்காதீர்கள்.

பழைய இரும்புக் குழாயை அறுத்து, நடுவில் ரப்பரைச் செருகி, ஸ்க்ரூ கிளிப் போட்டுத் தருபவர்களும் உண்டு. பம்பிலிருந்து ரேக்குக்குப் போகும் பிரஷர் பக்கத்தில் கிளிப்புக்கு வேலையே இல்லை. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும் தருணத்தில் கழன்று, சூடான எக்ஸாஸ்ட் மேல் எண்ணெய் பீய்ச்சும், தீப்பிடிக்கலாம். எண்ணெய் திரும்பி வரும் ரிட்டர்ன் பக்கம் கிளிப் போதும், ஆனால் ஹோஸ் எண்ணெய் தாங்கும் ரப்பராக இருக்க வேண்டும். கூலன்ட்டுக்கான ஹீட்டர் ஹோஸைப் போட்டால் ஏ.டி.எஃப். (ஸ்டீயரிங்கில் ஊற்றும் எண்ணெய்) பட்டு ஊதிக் கொழகொழத்துவிடும்.

சாதாரண 100ஆர்1 ஹோஸின் வெப்ப வரம்பு 100 டிகிரி. எக்ஸாஸ்ட் அருகில் போகும் ஹோஸுக்கு அது பத்தாது. பவர் ஸ்டீயரிங் பிரஷர் ஹோஸுக்கென்றே எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) வகுத்த ஜே188, ஜே2050 தரங்கள் இருக்கின்றன. மேலே அச்சடித்திருப்பதைப் படியுங்கள். எதுவும் அச்சிடாத ஹோஸ் என்றால் பேச்சே வேண்டாம். கம்பெனி ஹோஸ் கொஞ்சம் விரிந்து கொடுத்து பம்பின் துடிப்பை வாங்கிக்கொள்ளும். கம்பிப் பின்னல் அப்படி விரியாது. அதனால் பார்க்கிங்கில் 'ஊ' என்று சத்தம் வரலாம். அதைக் காட்டி புது பம்ப் விற்க வருவார்கள், உஷார்.

நீளத்தையும் கஞ்சத்தனமாக வெட்டுவார்கள். அழுத்தத்தில் ஹோஸ் 4 சதவீதம் வரை சுருங்கலாம், என்ஜினும் மவுண்ட்டில் ஆடும். 3/8 ஹோஸை 13 செ.மீ. ஆரத்துக்குக் கீழ் வளைக்கக் கூடாது.

இத்தனைக்கும் முன்பு, கசிவது ஹோஸ்தானா என்று துடைத்துப் பாருங்கள். பாதி நேரம் ஓ-ரிங் அல்லது பான்ஜோ போல்ட்டின் (எண்ணெய் போக நடுவில் துளையுள்ள போல்ட்) காப்பர் வாஷர்தான் காரணம். அதை மாற்றினாலே முடியும் வேலைக்கு முழு ஹோஸ் பில் போடுவது ரொம்பப் பழைய வழி.

செய்து முடித்த ஹோஸை வேலை அழுத்தத்தைப் போல் இரு மடங்கில் டெஸ்ட் செய்து, உள்ளே அறுத்த தூள் போகக் காற்றடித்துத் தரச் சொல்லுங்கள். அந்தத் தூள் பம்புக்கும் ரேக் வால்வுக்கும் எமன். பில்லில் ஹோஸ் நம்பரை எழுதி வாங்குங்கள், பழைய ஹோஸைக் கடையில் விடாதீர்கள். மாட்டியபின் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்து ஐந்து நொடிக்கு மேல் பிடிக்காமல், கிரிம்ப் பக்கம் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். கையால் தடவாதீர்கள், ஊசித் துளையில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.