நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் சமரசச் சேவை: நம்பிப் போகலாமா?

1974-ல் கனடாவின் எல்மைராவில் 22 இடங்களைச் சேதப்படுத்திய இரு இளைஞர்கள், பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்தித்து இழப்பை ஈடுகட்டினார்கள். குற்றம் செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் ஒரு நடுவர் முன் பேசவைக்கும் இந்தச் சேவை அங்கிருந்து வளர்ந்ததுதான்.

தாராளமாகப் போகலாம். ஆனால் நடுவர் இரு தரப்பையும் முதலில் தனித்தனியாகப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். இதன் உயிர்நாடியே அந்தத் தயாரிப்புதான். அதை அவசரப்படுத்தினால் மனப்பாடம் செய்த ‘மன்னிச்சிடுங்க’ மட்டுமே மிஞ்சும்; பாதிக்கப்பட்டவரின் புண் மறுபடி கீறப்படும். யார் முதலில் பேசுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

ஒப்பந்தத்தில் “ஈடு செய்கிறேன்” என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் நிற்காது. தொகை, தவணை, கடைசித் தேதி, கண்காணிப்பவர் எல்லாம் வேண்டும். சம்பாத்தியத்துக்கு மீறிய தவணை இரண்டாவது மாதமே தடுமாறும். கட்டி முடித்ததும் எழுத்தில் ரசீது கேளுங்கள். தலைகுனிந்து வந்தவர் நிமிர்ந்து போவது அந்தத் தாளோடுதான்.

குற்றம் செய்தவருக்கு வேலை தேடித் தருவது இந்தச் சேவையின் பொறுப்பல்ல. அதற்குத் தனியாக அலைய வேண்டும்.